பட்டுவாடாப் பட்டியலை வாசித்தவர்கள்: வீடியோ போக்கரும் லாஸ் வேகாஸின் தொழில்முறை ஆட்டக்காரர்களும்

சூதாடி பற்றி நம்மிடம் புழங்கும் சித்திரங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, நாட்டையும் தம்பிமாரையும் பெண்டாட்டியையும் வைத்துத் தோற்ற தருமன். மற்றது, தோற்கவே தெரியாத சகுனி. முதலாமவன் அப்பாவி, இரண்டாமவன் அயோக்கியன். அறம் போதிப்பதற்கு இந்த இரண்டு பேர் போதும். வள்ளுவரும் ஓர் அதிகாரமே ஒதுக்கிச் சூதைச் சாடுகிறார். சூதாடுகிற இடத்துக்கு அவர் பயன்படுத்தும் சொல் 'கழகம்' (உள்குத்து எதுவும் இல்லை). ஆனால் இந்தச் சட்டகத்துக்குள் அடங்காத மூன்றாவது ஆள் ஒருவன் நம் கதைமரபிலேயே இருக்கிறான்: நளன். எல்லாவற்றையும் தோற்றுத் தேரோட்டியாக ஒளிந்து வாழ்கையில், இருதுபன்னன் தான்றி மரத்தின் காய்களை ஒரு பார்வையில் எண்ணிச் சொல்வதைப் பார்த்து வியந்து, தன்னுடைய தேரோட்டும் வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொள்கிறான். பிறகுதான் திரும்பிப் போய் ஆடி நாட்டை மீட்கிறான். சூது இங்கே விதியுமல்ல, பாவமுமல்ல. கற்றுக்கொள்ளக்கூடிய கணக்கு, பண்டமாற்றுக்கு உரிய ஒரு தொழிலறிவு.

இந்தக் கட்டுரையில் நான் பேச எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், குறிப்பாக லாஸ் வேகாஸ் நகரத்தில், 1980களிலும் 90களிலும் தோன்றிய ஒரு விசித்திரமான தொழில்காரர்களைப் பற்றி. வீடியோ போக்கர் என்னும் காசுப்பொறியின் முன்னால் உட்கார்ந்து, கணக்கை மட்டுமே நம்பி, அதையே பிழைப்பாக நடத்தியவர்கள். 'நெவாடா பாலைவனத்துல எவனோ பொத்தான அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தா நமக்கென்ன?' என்று கேட்கலாம். உழைப்பு எது, சூது எது என்று நாம் போட்டுவைத்திருக்கும் கோடு அழிந்துபோகிற இடம் அது என்பதே என் பதில். தனி ஒருவரின் சாமர்த்தியத்தால் அமைப்பை வென்றுவிடலாம் என்ற கனவு எவ்வளவு தூரம் போகும், எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்பதையும் காசுக் கணக்காகவே அங்கே பார்த்துவிட முடிகிறது.

1

பொறியின் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1891இல் நியூயார்க்கின் புரூக்ளினில் சிட்மன்–பிட் என்ற நிறுவனம் ஒரு பொறியைச் செய்தது. ஐந்து உருளைகள், அவற்றில் 50 சீட்டுகள். காசு போட்டு நெம்புகோலை இழுத்தால் ஐந்து சீட்டு முகம் காட்டும். நல்ல 'கை' வந்தால் மதுக்கடைக்காரர் ஒரு கோப்பை பீரோ சுருட்டோ கொடுப்பார். சீட்டுக்கட்டில் 52 சீட்டு உண்டே, 50 எப்படி? வழக்கமாக ஸ்பேட் பத்தையும் ஆர்ட்டின் ஜாக்கியையும் எடுத்துவிடுவார்கள். ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேர்வதுதான் ஆட்டத்தின் உச்சமான 'ராயல் ஃப்ளஷ்'. இரண்டு சீட்டை உருவியதும் நான்கு இனங்களில் இரண்டில் அது வரவே வராது. பொறிச்சூதின் வரலாறு தொடக்கத்திலேயே இரண்டு சீட்டு குறைவாகத்தான் தொடங்குகிறது.

இன்றைய வடிவத்துக்குக் காரணகர்த்தா என்று சொல்லப்படுபவர் சை ரெட். பாலி என்ற பெரிய பொறி நிறுவனத்தில் இருந்தவர். அந்த நிறுவனம் பெரிதாக மதிக்காத திரைப்பொறிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தனிக்கடை போட்டார். அதுதான் பிற்பாடு இன்டர்நேஷனல் கேம் டெக்னாலஜி என்று உலகம் முழுக்கப் பரவிய நிறுவனம். 1979இல் அவருடைய 'டிரா போக்கர்' பொறி சந்தைக்கு வந்தது. ஐந்து சீட்டு திரையில் விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளலாம்; தள்ளியதற்குப் பதில் சீட்டு வரும்; வந்ததற்கு ஏற்பக் காசு. எதிரே ஆள் கிடையாது. பொய் முகம் காட்டத் தேவையில்லை. மேசையில் உட்கார்ந்திருக்கும் பழம்பெருச்சாளிகள் புதியவரைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார்கள்.

இந்தப் பொறியைப் பெரிதும் வரித்துக்கொண்டது சுற்றுலாப் பயணிகள் அல்ல, உள்ளூர்வாசிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். லாஸ் வேகாஸ் என்றால் நமக்கு நியான் விளக்கு ஜொலிக்கும் பெருஞ்சாலைதான் நினைவுக்கு வரும். அந்த விளக்குகளுக்குப் பின்னால் படுக்கை விரிப்பவர்கள், தட்டு கழுவுபவர்கள், மது பரிமாறுபவர்கள், சீட்டுப் போடுபவர்கள் என்று ஒரு தொழிலாளர் நகரம் இருக்கிறது. இவர்களுக்கு இனாமாகக் கிடைக்கும் சில்லறை அன்றன்றைக்குக் கையில் புரளும். பேலஸ் ஸ்டேஷன் என்று பிற்பாடு பெயர் பெற்ற சூதாட்ட விடுதி 1976இல் தொடங்கப்பட்டபோதே அதன் குறி இவர்கள்தான். சம்பளக் காசோலையைக் கொண்டுவந்தால் இங்கேயே மாற்றித் தருகிறோம், கூடவே ஒரு ஆட்டம் இலவசம் என்று கூப்பிட்டன இத்தகைய விடுதிகள். ஒரு விடுதியில் வாங்கிய கூலி இன்னொரு விடுதியின் பொறிக்குள் போய் விழும். முதலாளி வர்க்கம் என்ற அளவில் பார்த்தால், கொடுத்த கூலி வீடு போய்ச் சேருவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுகிறது.

2

இந்த இடத்தில்தான் ஒரு சின்ன விரிசல் இருந்தது. சாதாரண உருளைப் பொறியின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் நெவாடாவின் விதிமுறைப்படி, சீட்டாட்டம் போலத் தோற்றம் தரும் பொறி உண்மையான சீட்டுக்கட்டைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். 52 சீட்டும் இருக்க வேண்டும், எதற்கும் வாய்ப்பு ஒன்றுதான். இந்த விதியைப் பொறியின் முகப்பில் அச்சடித்திருக்கும் பரிசு விவரத்தோடு சேர்த்து வாசித்தால், பொறி நூறு டாலருக்கு எவ்வளவு திருப்பித் தரும் என்பதைப் பைசா சுத்தமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பரிசு விவரத்தை நான் 'பட்டுவாடாப் பட்டியல்' என்றே சொல்லப்போகிறேன். நம் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கூலி கொடுப்பதற்கும் பட்டுவாடா என்றுதான் பெயர். அந்த இரட்டை அர்த்தம் இங்கே வேண்டும்.

'ஜாக்கி ஜோடி அல்லது அதற்கு மேல்' என்ற அடிப்படை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜாக்கி ஜோடிக்குப் போட்ட காசு திரும்ப வரும். இது பரிசே இல்லை, நம்ம காசு நமக்கே வருது, அவ்வளவுதான். ஆனால் ஐந்தில் ஒரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இது நடப்பதால் 'ஜெயித்துக்கொண்டே இருக்கிறோம்' என்ற உணர்வு வந்துவிடும். ஃபுல் ஹவுசுக்கு ஒன்றுக்கு ஒன்பது, ஃப்ளஷுக்கு ஒன்றுக்கு ஆறு என்று பட்டியல் இருந்தால் அதை 9/6 பொறி என்பார்கள். ஐந்து காசு போட்டுப் பிசகில்லாமல் ஆடினால் அது நூற்றுக்கு 99.54 திருப்பித் தரும். பக்கத்திலேயே அதே நிறத்தில், அதே உயரத்தில் இருக்கும் 8/5 பொறி 97.30 தரும். 6/5 பொறி 95தான். மூன்றுக்கும் வித்தியாசம் கண்ணாடியில் அச்சாகியிருக்கும் இரண்டு எண்கள் மட்டுமே. எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும் இருக்கிறது, ஆனால் வாசிப்பதற்கு ஆளில்லை. பிரதியை வாசிப்பது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இரண்டு எண்ணை வாசிக்கத் தெரிந்ததால் பிழைப்பு நடத்தியவர்கள் இவர்கள்.

இன்னும் ஒரு படி மேலே போன பொறிகளும் இருந்தன. எல்லா இரண்டுகளும் ஜோக்கராகும் 'டூசஸ் வைல்ட்' ஆட்டத்தின் பழைய பட்டியல் ஒன்று 100.76 திருப்பித் தந்தது. 'டபுள் போனஸ்' ஆட்டத்தின் 10/7 பட்டியல் 100.17. அதாவது, பிழையே செய்யாதவருக்கு விடுதி காசு கொடுக்கும்! விடுதிக்காரர்கள் முட்டாள்களா? இல்லை. நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பேர் பிழை செய்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மீதி ஒருவருக்குக் கொடுப்பது விளம்பரச் செலவு.

இந்தக் கணக்கெல்லாம் அரசு விதி என்ற ஒற்றைத் தூணின்மேல் நிற்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1989இல் அமெரிக்கன் காயின் என்ற நிறுவனத்தின் பொறிகளில் ராயல் ஃப்ளஷ் வராதபடி நிரல் எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. நிறுவனம் உரிமத்தை இழந்தது. நிரல் எழுதியவர், சாட்சி சொல்ல வேண்டியவர், 1990இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1891இல் இரண்டு சீட்டை உருவிய கை நூறு வருஷம் கழித்தும் ஓயவில்லை.

3

சரி, 'உத்தி' என்கிறார்களே, அது என்ன? முதலில் கைக்கு வரக்கூடிய ஐந்து சீட்டுச் சேர்க்கைகள் 25,98,960. ஒவ்வொன்றிலும் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு 32 வழிகள். இதில் எது சராசரியில் அதிகம் தரும் என்பதைக் கணினி கொண்டு கணக்கிட்டு, ஒரு கைச்சீட்டில் அடங்கும் வரிசையாகச் சுருக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு வாங் 1988இல் இத்தொழிலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். லென்னி ஃப்ரோம், டான் பேமர் போன்றவர்கள் சாதாரண ஆட்டக்காரருக்கும் எட்டும்படி உத்திகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு உதாரணம் போதும். கையில் ஆர்ட்டின் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, கூடவே ஆர்ட்டின் ஏழு. ஐந்தும் ஒரே இனம். ஃப்ளஷ் ஏற்கனவே கையில் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ஆறு உறுதி. ஏழைத் தள்ளிவிட்டு ஒரு சீட்டு கேட்டால்? மிச்சமிருப்பது 47 சீட்டு. ஒன்று ராயல் கொண்டுவரும், ஒன்றுக்கு 800. ஏழு சீட்டு மறுபடி ஃப்ளஷ் தரும், மூன்று சீட்டு நேர்வரிசை தரும், 12 சீட்டு போட்ட காசைத் திருப்பும். மீதி 24 சீட்டுக்கு ஒன்றுமே கிடையாது. கூட்டி வகுத்துப் பார்த்தேன்: சராசரி 18.4. ஆறுக்குப் பதினெட்டு! ஆகவே ஏழைத் தள்ள வேண்டும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட தடவை கையில் இருந்த காசும் போய் வெறுங்கையாக உட்கார்ந்திருப்பீர்கள். அடுத்த தடவையும் தயங்காமல் தள்ள வேண்டும். பத்தாவது தடவையும்.

இங்கே 'திறமை' என்ற சொல் என்ன பொருளில் வருகிறது என்று யோசிக்க வேண்டும். இது சகுனியின் கைத்திறன் அல்ல. உள்ளுணர்வோ தைரியமோ அல்ல. மேசைப் போக்கரில் எதிராளியின் கண்ணைப் படிப்பார்களே, அதுவுமல்ல. உள்ளுணர்வைச் சாகடிப்பதுதான் இங்கே திறமை. 'ஏழாவது தடவையாச்சும் வரும்' என்று மனசு சொல்வதைக் கேட்காமல் இருப்பது. அட்டவணை சொன்னதை மணிக்கு அறுநூறு முறை, எண்ணூறு முறை அப்படியே செய்வது. டெய்லர் தன் தொழிலாளியிடம் கேட்டதும் இதைத்தானே? சிந்தனை மேலே, கை கீழே. விசித்திரம் என்னவென்றால் இங்கே மேற்பார்வையாளரும் தொழிலாளியும் ஒரே ஆள். தன் விரலைத் தானே மேற்பார்க்கிறார்.

4

கூலிக் கணக்குக்கு வருவோம். கால் டாலர் பொறி, ஐந்து காசு: ஒரு ஆட்டத்துக்கு 1.25 டாலர். மணிக்கு 600 ஆட்டம் என்றால் 750 டாலர் பொறிக்குள் போய் வருகிறது. 100.76 தரும் அந்த அபூர்வப் பொறியில், ஒரு பிழைகூட இல்லாமல் ஆடினால் எதிர்பார்க்கக்கூடிய வருமானம் மணிக்கு 5.70 டாலர். 1997இல் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். 'விடுதியை வென்றவர்' என்று கொண்டாடப்பட்டவர், தட்டு கழுவத் தொடங்குபவரைவிட மணிக்கு அரை டாலர்ச் சொச்சம் அதிகம் சம்பாதித்தார்! விடுதி தரும் புள்ளிகளுக்கான காசும் ஓசிச் சாப்பாடும் தனி.

இந்தக் கூலியும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கைக்கு வராது. ராயல் ஃப்ளஷ் சராசரியாக 40,000 ஆட்டத்துக்கு ஒன்று. 600 வேகத்தில் கிட்டத்தட்ட 67 மணி நேரம். சராசரி என்பது வாக்குறுதி இல்லை. 40,000 ஆட்டம் ஆடியும் ஒரு ராயல்கூடக் காணாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 37. 80,000 ஆட்டத்துக்கும் காணாமல் போவது நூற்றுக்கு 13க்கு மேல். 9/6 பொறியின் 99.54இல் ஏறத்தாழ இரண்டு சதவீதம் அந்த ஒரு கையில்தான் ஒளிந்திருக்கிறது. அது வரும்வரை பணம் கரைந்துகொண்டே இருக்கும். வானம் பார்த்த பூமியில் விவசாயம் பண்ணுகிறவருக்கு இந்த மனநிலை புரியும். அவருக்காவது மேகம் தெரியும்.

பணம் கரைவதைத் தாங்கும் முதல் இல்லாதவர் என்ன செய்வார்? இங்கேதான் 80களின் 'குழு ஆட்டம்' வருகிறது. பல பொறிகளை ஒன்றாக இணைத்து, போடும் ஒவ்வொரு காசிலும் ஒரு துளியை ராயல் பரிசில் சேர்த்துக்கொண்டே போகும் ஏற்பாடு உண்டு. மேலே ஒரு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். 8/5 கால் டாலர்ப் பொறியில் ராயலுக்கு 1,000 டாலர்தான் அடிப்படை. மீட்டர் 2,200 டாலரை நெருங்கும்போது ஆட்டம் ஆட்டக்காரர் பக்கம் சாய்கிறது. அப்போது ஒரு குழு வந்து அத்தனை இருக்கைகளையும் பிடித்துக்கொள்ளும். ஷிப்டு மாற்றி ஷிப்டு, ராயல் விழும்வரை எழுந்திருக்காது. முதல் போட்டவர் ஒருவர்; பொத்தானை அமுக்கியவர்கள் மணிக்கூலிக்காரர்கள். ராயல் யார் கையில் விழுந்தாலும் பணம் முதல் போட்டவருக்கு. விழுந்த கைக்குக் கொஞ்சம் போனஸ். முதலாளியம் தன்னை எதிர்த்து ஆடுகிறவர்களுக்குள்ளேயே ஒரு குட்டி முதலாளியைப் பெற்றுப்போட்ட கதை இது.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த மீட்டரில் ஏறியிருக்கும் பணம் யாருடையது? விடுதிக்காரரின் பணம் என்று சொன்னால் ஏமாந்துபோவோம். குழு வருவதற்கு முன்னால், வேலை முடிந்து வந்து, பட்டியலை வாசிக்காமல் ஆடித் தோற்றவர்களின் பணம் அது. படுக்கை விரித்தவரின் இனாம் காசு. மார்க்ஸின் மொழியில் சொன்னால் மீட்டரில் ஓடுவது இறந்த உழைப்பு. தொழில்முறை ஆட்டக்காரர் விடுதியிடமிருந்து திருடவில்லை. விடுதி வசூலித்ததில் ஒரு சிறு பங்கை, விடுதி வைத்த விதிப்படி, கமிஷனாக வாங்கிக்கொண்டார். ராபின் ஹூட் என்று யாராவது இவர்களைச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

5

அவர்களுடைய அன்றாடம் எப்படி இருந்தது? 90களில் இந்தப் பொறிகள் காசு விழுங்கிக் காசு துப்பின. பிளாஸ்டிக் வாளியில் காசு, விரல் நுனியெல்லாம் கரி. 2000த்தை ஒட்டி அச்சிட்ட சீட்டு வந்து காசை ஒழித்தது. புகை, கூச்சல், மணிக்கட்டு வலி. செவ்வாய்க்கிழமை ஒரு விடுதியில் முதியோர் நாள், வியாழக்கிழமை இன்னொரு விடுதியில் மூன்று மடங்கு புள்ளி என்று நாட்காட்டி போட்டு ஓட வேண்டும். தள்ளுபடிச் சீட்டு, ஓசிச் சாப்பாடு, ஓசி அறை எல்லாமே வரவுக் கணக்கில் ஏறும். ஜீன் ஸ்காட் 1998இல் எழுதிய 'தி ஃப்ரூகல் கேம்ப்ளர்' இந்தச் சிக்கன சாஸ்திரத்தின் நூல். சூதாடி என்றால் ஊதாரி என்று நினைக்கிற நமக்கு அதில் தெரிகிற ஆள் மாதக் கடைசியில் ரேஷன் கணக்குப் பார்க்கும் குடும்பத்தலைவி மாதிரித்தான் இருக்கிறார்.

புள்ளி சேர்ப்பதற்கு ஒரு அட்டை உண்டு. அதைப் பொறியில் செருகிவிட்டுத்தான் ஆட வேண்டும். 1980களில் பரவிய இந்த 'சங்க' அட்டை ஆட்டக்காரருக்கு நூற்றுக்கு கால் டாலரோ கூடவோ திருப்பித் தந்தது. 99.54ஐ நூறுக்கு மேல் தள்ளிவிடும் சக்தி சில நாட்களில் இதற்கு இருந்தது. ஆனால் அட்டை செருகிய கணத்திலிருந்து எவ்வளவு போட்டார், எவ்வளவு வேகம், எப்போது வருகிறார், எப்போது போகிறார் அத்தனையும் விடுதியின் ஏட்டில் ஏறுகிறது. ஃபூக்கோவின் கண்காணிப்புக் கோபுரத்தில் கைதி விரும்பி உள்ளே போவதில்லை. இங்கே கால் டாலருக்காக விரும்பிப் போகிறார். தொடர்ந்து லாபம் பார்க்கிறவரை அந்த ஏடே காட்டிக்கொடுக்கும். பிறகு அவருக்குச் சலுகைக் கடிதம் வராது. அதற்கும் அடங்காவிட்டால் 'இனி உங்களுக்கு இங்கே ஆட்டமில்லை' என்று சொல்ல நெவாடாவில் விடுதிக்கு உரிமை உண்டு. அதைவிடச் சுலபமான வழி, ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டியலை மாற்றுவது. காலையில் 9/6 போய் 8/5 நிற்கும். யாரிடம் முறையிட? 2000க்குப் பிறகு பெருஞ்சாலை விடுதிகளில் நல்ல பட்டியல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

பாப் டான்சர் என்ற புனைபெயரில் எழுதுபவர், ஆறாயிரம் டாலரில் தொடங்கிப் பத்து லட்சத்தைத் தாண்டிய கதையை 2003இல் புத்தகமாக்கினார். அவர் நடத்திய உத்தி வகுப்புகளுக்கு இடம் கொடுத்தவை சூதாட்ட விடுதிகளே. தன்னை வெல்வது எப்படி என்ற பாடத்தை விடுதி ஏன் தன் செலவில் நடத்த வேண்டும்? பாடம் கேட்ட நூறு பேரில் பெரும்பாலோர் பாதி கற்றுக்கொண்டு முழுநம்பிக்கையோடு பொறி முன் உட்காருவார்கள் என்பதால்தான். ஜெயித்த ஒருவர் தோற்கப்போகிற பலருக்கான விளம்பரப் பலகை.

பலர் என்பது யார்? மானிடவியலாளர் நடாஷா டவ் ஷல் லாஸ் வேகாஸில் நெடுங்காலம் களப்பணி செய்து 2012இல் வெளியிட்ட 'அடிக்‌ஷன் பை டிசைன்' நூலில் பொறிக்கு அடிமையானவர்களோடு பேசுகிறார். ஜெயிப்பதற்காக நாங்கள் ஆடவில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறோம் என்கிற பொருளில் அவர்கள் சொல்கிறார்கள். காலம், உடம்பு, கடன், குடும்பம் எல்லாம் மறைந்துபோகும் ஒரு நிலை. வெளியிலிருந்து பார்த்தால் தொழில்முறை ஆட்டக்காரரும் இவரும் ஒன்றுதான். ஒரே நாற்காலி, ஒரே பொத்தான், ஒரே வேகம். ஒருவர் பட்டியலை வாசித்துவிட்டு உட்கார்ந்தார் என்பதுதான் வித்தியாசம். முதலாமவரின் 5.70 டாலருக்கு இரண்டாமவர் இருந்தாக வேண்டும்.

6

இந்தப் பிழைப்பு 'தொழில்'தானா என்று அரசும் தலையைச் சொறிந்தது. 1987இல் குரோட்சிங்கர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாய்ப் பந்தயத்தில் வாரத்துக்கு 60 முதல் 80 மணி நேரம் செலவிட்ட ஒருவர், அந்த வருஷம் 70,000 டாலர் ஜெயித்து அதைவிட 2,032 டாலர் கூடுதலாகப் பந்தயம் கட்டியிருந்தார். முழுநேரமாக, பிழைப்புக்காக ஆடினால் அது தொழில்தான் என்றது நீதிமன்றம். சுரண்டலுக்கு ஆளாகிறவர் என்பதால் அல்ல, வரி கட்டுகிறவர் என்பதால்தான் அரசின் கண்ணுக்கு அவர் தொழில்காரராகத் தெரிந்தார்.

வரி கட்டுகிறவராகவே அவரை ஒழித்துக்கட்டவும் முடியும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், 2026 முதல் சூதில் தோற்ற தொகையில் 90 சதவீதத்தைத்தான் வெற்றியிலிருந்து கழிக்கலாம் என்று விதித்தது. ஒருவர் ஜெயித்த நாட்களில் மொத்தம் 2,00,000 டாலரும், தோற்ற நாட்களில் 1,80,000 டாலரும் என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 20,000. வரிக்கு உரிய வருமானமோ 38,000! அரைச் சதவீத லாபத்தில் வாழ்கிறவர் இதைத் தாங்க முடியாது. விடுதி விட்டுவைத்த விரிசலை அரசு பூசிவிட்டது.

'திறமை' என்ற சொல்லின் அரசியல் நமக்கும் அந்நியமல்ல. தமிழகத்தில் 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தபோது நிறுவனங்கள் பிடித்துக்கொண்ட கொம்பு அதுதான். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்றன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அவ்விரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை என்றது. திறமை உண்டா இல்லையா என்பதையே வாதாடிக்கொண்டிருந்தோம். லாஸ் வேகாஸ் ஆட்டக்காரர்களின் வாழ்க்கை காட்டுவது, திறமை உண்டு, நிச்சயம் உண்டு. அந்தத் திறமைக்குக் கூலி கொடுப்பது யார் என்பதல்லவா கேள்வி?

7

இதே நகரத்தில், இதே 90களில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 1991 செப்டம்பர் 21 அன்று, பெருஞ்சாலையில் இருந்த ஃப்ரன்டியர் விடுதியின் ஏறத்தாழ 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சமையல் தொழிலாளர் சங்கத்தின் 226ஆம் கிளை அதில் முன்னணியில் நின்றது. நிர்வாகம் கூலியிலும் ஓய்வூதியத்திலும் மற்ற உரிமைகளிலும் கை வைத்தது. அதாவது பட்டியலை மாற்றியது, 9/6 போய் 8/5 வந்ததுபோல. அவர்கள் நல்ல பட்டியல் தேடி அடுத்த விடுதிக்குப் போகவில்லை. இரவும் பகலும் வாசலில் மறியல், பாலைவன வெயிலில், ஆறு வருஷம் நான்கு மாதம். அந்த மறியல் காலத்தில் பிள்ளைகள் பிறந்தன, சிலர் செத்தும் போனார்கள். வேலைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை என்று சங்க வரலாறு பெருமையோடு சொல்கிறது. கடைசியில் விடுதியே கைமாறியது. 1998 பிப்ரவரி 1 அன்று, ஒப்பந்தத்தோடு, பணிமூப்பை இழக்காமல் அவர்கள் உள்ளே போனார்கள்.

வாய்ப்புக் கணக்குப் போட்டால், ஆறு வருஷ வேலைநிறுத்தத்தில் இறங்குவது முட்டாள்தனம். எந்த உத்தி அட்டையும் அதைப் பரிந்துரைக்காது. தனி ஆளாக அட்டவணையைப் பார்த்து முடிவெடுக்கிறவர் முதல் மாதத்திலேயே எழுந்து போயிருப்பார். தொழில்முறை ஆட்டக்காரர்மேல் எனக்கு மரியாதை உண்டு. மறைக்காமல் எழுதிவைத்ததைக்கூட மற்றவர்கள் வாசிக்காத இடத்தில் அவர் வாசித்தார். பயத்துக்கும் ஆசைக்கும் இடம் கொடுக்காமல் உட்கார்ந்தார். ஆனால் பட்டியல் மாறிய காலையில் அவரால் செய்ய முடிந்தது எழுந்து போவது மட்டும்தான். பக்கத்துப் பொறியில் இருந்தவர் அவருக்குத் தோழர் அல்ல, அவருடைய வருமானத்தின் ஊற்று.

ஃப்ரன்டியர் விடுதி 2007இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 226ஆம் கிளை இன்றும் அந்நகரத்தில் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறது.